ஓதமும் கதவும்: துறைமுக நீர்ப்பூட்டுகளின் அமைப்பும் பயனும்

மகாராஷ்டிர மாநிலத்துப் புனே நகருக்குத் தென்மேற்கே, சிங்ககட் மலைக்குச் செல்லும் சாலையில், முத்தா ஆற்றின் குறுக்கே கட்டப்பெற்ற கடக்வாஸ்லா அணை உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த இவ்விடத்தில் கடற்காற்றும் வீசுவதில்லை. உப்பு நீரும் இல்லை. ஆயினும் அணைக்குக் கீழே பரந்த கொட்டகைகளில் கடல் நாள்தோறும் பன்முறை ஏறி இறங்குகின்றது. மும்பைத் துறைமுகமும், ஹூக்ளி ஆற்றின் கழிமுகமும், வேறு பல கடற்கரைகளும் இங்கே சிமெண்டாலும் மணலாலும் சிறு வடிவில் ஆக்கப்பெற்று, அவற்றில் நீர் ஓடவிடப்பட்டு ஆராயப்பெற்று வந்துள்ளன. இதுவே மத்திய நீர், மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையமாகும்.

1916ஆம் ஆண்டில் அன்றைய பம்பாய் மாகாண அரசு பாசன ஆராய்ச்சிக்கெனத் தொடங்கிய சிறு பிரிவே பின்னர் இந்நிலையமாக வளர்ந்தது. நீண்ட காலம் இதற்குத் தலைமை தாங்கிய கிளாட் இங்கிலிஸ் என்னும் பொறியியலறிஞர், பின்னர் இங்கிலாந்தின் வாலிங்ஃபோர்டில் இருந்த நீரியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1971ஆம் ஆண்டு முதல் இது ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக ஆணையத்தின் வட்டார ஆய்வுக்கூடமாகவும் ஏற்கப்பெற்றது.

இத்தகைய நிலையங்களை எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று, தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சற்றுப் புதிதாகத் தோன்றக்கூடியது. கப்பல் நிற்கும் நீர்நிலைக்குக் கதவு போட்டுப் பூட்ட வேண்டிய தேவை ஏன் எழுகின்றது? பூட்டியபின் அந்நீர்நிலைக்கும் வெளியே உள்ள ஆற்றுக்கும் என்ன நேர்கின்றது? இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடைகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

சென்னைக்குத் தேவைப்படாதது மும்பைக்குத் தேவைப்படுவது ஏன்?

சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் கடல் நீர் ஏறுவதும் இறங்குவதும் ஓதம் எனப்படும். நம் நாட்டுக் கரைகளில் பெரும்பாலும் ஒரு நாளில் இருமுறை ஏறு ஓதமும் இருமுறை இறங்கு ஓதமும் நிகழ்கின்றன. ஓர் உச்ச ஏற்றத்திற்கும் அடுத்த உச்ச ஏற்றத்திற்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 12 மணி 25 நிமிடமாகும். சந்திரன் பூமியைச் சுற்றி வருவதால், அது ஓர் இடத்தின் உச்சிக்கு மீண்டும் வந்து சேர 24 மணி 50 நிமிடம் ஆகின்றது. ஆதலால் ஏற்றத்தின் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகின்றது. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் சூரிய சந்திரர்களின் ஈர்ப்பு ஒன்றுசேர்வதால் பெரு ஓதமும், அட்டமி திதிகளை ஒட்டிய நாட்களில் சிறு ஓதமும் உண்டாகின்றன. கடலோர மீனவர் இதனை நெடுங்காலமாக அறிவர்.

ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையிலான உயர வேறுபாடு எல்லாக் கரைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சென்னையில் பெரு ஓத நாட்களிலும் அது ஏறத்தாழ 1 மீட்டரே. கொச்சியில் அதற்கும் குறைவு. மும்பையில் 3.5 மீட்டருக்கு மேலும் செல்கின்றது. காம்பே வளைகுடாவின் தலைப்பகுதியில், பவநகரை ஒட்டிய கடலில், சுமார் 10 மீட்டர் வரை உயர்கின்றது. அகன்ற வாயுள்ள வளைகுடா உள்ளே செல்லச் செல்லக் குறுகி ஆழமும் குறையும்போது, உட்புகும் நீர் பக்கங்களில் பரவ இடமின்றி மேலெழுகின்றது. இதுவே இவ்வேறுபாட்டிற்குரிய முக்கியக் காரணம்.

கரையில் கட்டப்பெற்ற கப்பலை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாட்டின் விளைவு விளங்கும். சென்னையில் ஓதம் இறங்கினாலும் கப்பல் 1 மீட்டரே தாழ்கின்றது. சரக்கு இறக்குவோருக்கு அதனால் பெரிய இடையூறு இல்லை. ஆனால் 3 அல்லது 4 மீட்டர் இறங்குமாயின், கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் நிற்கும் கப்பலின் அடிப்பகுதி சேற்றில் உட்கார்ந்துவிடும். சுமை நிறைந்த கப்பல் அவ்வாறு தரையில் தங்கினால் அதன் உடற்சட்டம் வளைந்து பிளவுபடக்கூடும். கரைக்கும் தளத்திற்கும் இடையிலான உயரம் மணிக்கு மணி மாறுவதால் சரக்கு ஏற்றி இறக்குவதும் கடினமாகும். ஓதம் உயர்ந்திருக்கும்போது நீரை உள்ளே விட்டு, இறங்கத் தொடங்குமுன் கதவை மூடி, அந்நீரை அங்கேயே தேக்கி வைத்தால் இவ்விடர்கள் நீங்கும். இவ்வாறு நீர் தேக்கப்பெற்ற துறையே தேங்குநீர்த் துறை எனப்படுவது.

ஒற்றைக் கதவும் இரட்டைக் கதவும்

தேங்குநீர்த் துறைகள் இருவகைப்படும். முதல் வகையில் வாயிலில் ஒரே ஒரு கதவு இருக்கும். வெளி நீரும் உள் நீரும் சமமட்டத்தில் நிற்கும் உச்ச ஏற்ற நேரத்தில் மட்டுமே அதனைத் திறக்க முடியும். அந்தச் சிறிது நேரத்தைத் தவறவிட்ட கப்பல் அடுத்த ஏற்றம் வரை சுமார் 12 மணி நேரம் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் வகையில் வாயிலில் ஒரு நீண்ட அறை கட்டப்பெற்று, அதன் இரு முனைகளிலும் கதவுகள் அமைக்கப்படுகின்றன. இவ்வறையே நீர்ப்பூட்டு, துறைமுகத் தொழிலாளர் இதனை 'லாக்' என்றே வழங்குவர். இது இயங்கும் முறை எளிது. கப்பல் வெளியிலிருந்து வரும்போது அறையின் நீர்மட்டம் முதலில் வெளிமட்டத்திற்குக் கொண்டுவரப்படும். வெளிக்கதவு திறக்கப்பட்டுக் கப்பல் அறைக்குள் நுழைந்ததும் அக்கதவு மூடப்படும். பின்னர்ச் சுவரினுள் செல்லும் குழாய்களின் மதகுகளைத் திறந்து, துறையிலிருந்து நீர் அறைக்குள் விடப்படும். அறையின் மட்டம் துறையின் மட்டத்தோடு ஒத்ததும் உட்கதவு திறக்கப்படும். கப்பல் துறைக்குள் செல்லும். வெளியேறும் கப்பலுக்கு இதே செயல்கள் தலைகீழாக நடைபெறும். இரு கதவுகளும் ஒரே நேரத்தில் ஒருபோதும் திறந்திருக்கலாகாது. வெளிமட்டமும் உள்மட்டமும் முற்றிலும் சமமாயிருக்கும் வேளை ஒன்றே இதற்கு விலக்கு.

நீர்ப்பூட்டு புதிய கண்டுபிடிப்பன்று. சீன நாட்டில் கி.பி. 984ஆம் ஆண்டில் சியாவ் வெய்யோ என்னும் அதிகாரி கால்வாயொன்றில் இருகதவு அறையை அமைத்ததாக வரலாறு கூறுகின்றது. நம் நாட்டிலும் குஜராத்தின் லோத்தல் என்னுமிடத்தில், 1950களில் எஸ்.ஆர். ராவ் தலைமையில் தொடங்கிய அகழாய்வில், சிந்துவெளிப் பண்பாட்டுக் காலத்தைச் சார்ந்த, 200 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள செங்கல் நீர்நிலையொன்று வெளிப்பட்டது. அது கப்பல் துறை என்றும், அதன் தென்புற வாயில் மரப்பலகை இட்டு நீரைத் தேக்குவதற்குரியது என்றும் ராவ் கருதினார். அது நன்னீர்த் தேக்கமே என்று கொள்ளும் அறிஞரும் உளர். மிகுந்த ஓதமுடைய காம்பே வளைகுடாவின் அருகே அது அமைந்துள்ளமை கருதத்தக்கது.

தமிழ்நாட்டு வாசகர் நீர்ப்பூட்டைக் காண வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வெட்டப்பெற்று, 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய் உப்புநீர்க் கால்வாயே. ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காப்பதற்கு அதில் பூட்டுக் கதவுகள் அமைக்கப்பெற்றன. படகுப் போக்குவரத்து நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கதவின்மேல் விழும் பாரம்

நீர்ப்பூட்டின் கதவு தாங்கவேண்டிய பாரம் எவ்வளவு என்பதை உயர்நிலைப்பள்ளிக் கணிதத்தைக் கொண்டே அறியலாம். நீரின் அழுத்தம் ஆழத்திற்கு ஏற்ப வளர்வதால், 1 மீட்டர் அகலமுள்ள கதவுப் பட்டையின்மீது விழும் மொத்த விசை, ஆழத்தின் வர்க்கத்தில் பாதி, டன் எடை அளவில் அமையும். துறையினுள் 10 மீட்டர் ஆழமும் வெளியே 6 மீட்டர் ஆழமும் இருப்பதாகக் கொள்வோமாயின், உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை 50 டன். வெளியிலிருந்து உள்ளே தள்ளும் விசை 18 டன். வேறுபாடு 32 டன். வாயில் 30 மீட்டர் அகலமாயின் கதவு முழுவதும் 960 டன் பாரத்தைத் தாங்குதல் வேண்டும்.

இப்பாரத்தை நேர்க்கதவு தாங்குவதாயின் அது மிகத் தடித்ததாக இருக்க வேண்டும். ஆதலால் பல நீர்ப்பூட்டுகளில் இரு இலைகளாலான கதவை, மூடிய நிலையில் நீர் மிகுந்த பக்கத்தை நோக்கி அம்புமுனை போல் நீட்டி நிற்குமாறு அமைக்கின்றனர். நீர் எவ்வளவு அழுத்துகின்றதோ, அவ்வளவு இறுக்கமாக இரு இலைகளும் ஒன்றோடொன்று பொருந்தி, பாரத்தைப் பக்கச் சுவர்களுக்குக் கடத்துகின்றன. வில் வளைவு பாலத்தின் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்துவது போன்றதே இது. இவ்வமைப்பிற்கு ஒரு குறை உண்டு. ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டுமே இது தாங்கும். பெரு ஓத நாளில் வெளிநீர் உள்நீரைவிட உயர்ந்துவிட்டால் இலைகள் பிரிந்து திறந்துகொள்ளும். ஆதலின் ஓதம் மிகுந்த கழிமுகங்களில் கடலை நோக்கிய மற்றோர் இணைக் கதவையும் வைப்பதுண்டு. அல்லது பக்கவாட்டில் நகரும் பெட்டிக் கதவைப் பயன்படுத்துவதுண்டு.

கதவுக்கு அடியில், தரையில் பதிக்கப்பெற்ற கல் அல்லது கான்கிரீட் படி, வாயிற்படி எனப்படும். கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கலாம் என்பதை இப்படியின் மேல் நிற்கும் நீரின் ஆழமே முடிவு செய்கின்றது. ஆகவே மாலுமிகளுக்கு வாயிற்படியின் மட்டம் இன்றியமையாத அளவாயிற்று. கொல்கத்தாத் துறைமுகத்தில் ஓத உயரங்கள் கிதிர்பூரின் பழைய துறையொன்றின் வாயிற்படி மட்டத்திலிருந்தே கணக்கிடப்பெற்று வருகின்றன. இங்கிலாந்தின் லிவர்பூலில் 1715இல் திறக்கப்பெற்ற முதல் துறையின் வாயிற்படியும் அவ்வாறே அளவின் தொடக்கமாகக் கொள்ளப்பெற்றது. அத்துறை 1826இல் மூடி நிரப்பப்பெற்ற பின்னும் அம்மட்டம் அளவுக் குறியாகவே நீடித்தது.

மும்பையின் துறைகள்

மும்பையில் 1875இல் சசூன் குடும்பத்து வணிகர் கொலாபாவில் அமைத்த துறை மேற்கிந்தியாவின் முதல் தேங்குநீர்த் துறையாகக் கருதப்படுகின்றது. அது பின்னர் மீன்பிடி படகுகளின் துறையாயிற்று. 1880இல் பிரின்ஸ் துறையும், 1888இல் விக்டோரியா துறையும் திறக்கப்பெற்றன. இவை இரண்டும் ஒற்றைக் கதவு முறையைச் சார்ந்தவை; ஏற்ற நேரத்தில் மட்டுமே கப்பல்கள் வந்து சென்றன. 1914இல் திறக்கப்பெற்ற அலெக்சாண்ட்ரா துறை, பிற்காலத்தில் இந்திரா துறை எனப் பெயர் மாற்றப்பெற்றது. இதன் நீர்ப்பூட்டு 228.6 மீட்டர் நீளமும் 30.5 மீட்டர் அகலமும் உடையது. ஓதம் எந்நிலையில் இருப்பினும் கப்பல் உட்புக இது வழி செய்தது.

கதவு மூடிய துறையில் கப்பல்கள் நெருங்கி நிற்பதால் விளையும் ஆபத்தையும் மும்பை கண்டது. 1944 ஏப்ரல் 14 அன்று, பஞ்சுப் பொதிகளையும் வெடிப்பொருள்களையும் ஒருங்கே ஏற்றி வந்து விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. அருகே நின்ற கப்பல்களும் கிடங்குகளும் அழிந்தன. தீயணைக்கும் பணியாளர் உட்பட நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். எச்சரக்கை எவற்றோடு ஏற்றலாம், எங்கே இறக்கலாம் என்னும் விதிகள் எழுத்தளவில் நில்லாது கடைப்பிடிக்கப்பெறல் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

நீர்ப்பூட்டு இயங்கும் ஒவ்வொரு முறையும் துறை நீரை இழக்கின்றது. மும்பைப் பூட்டின் பரப்பு ஏறத்தாழ 6,970 சதுர மீட்டர். உள்மட்டம் வெளிமட்டத்தைவிட 3 மீட்டர் உயர்ந்திருப்பின், ஒரு முறைக்கு ஏறத்தாழ 20,900 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர் துறையிலிருந்து அறைக்குச் செல்கின்றது. அறையில் நிற்பது பெருங்கப்பலாயினும் சிறு படகாயினும் இவ்வளவு ஒன்றே. கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே இடம்பெயர்த்து மிதப்பதால், அறையின் மட்டத்தை உயர்த்தத் தேவைப்படும் நீரின் அளவு கப்பலைச் சார்ந்து மாறுவதில்லை. சிறு படகுகளைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே முறையில் கடத்துவதன் காரணம் இதுவே. மாணவர்க்கு மிதத்தல் விதியைப் புகட்ட இது நல்ல கணக்காகும்.

ஹூக்ளியின் வண்டல்

கொல்கத்தாத் துறைமுகம் கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்தது. 1892இல் கிதிர்பூர் துறையும், 1920களின் இறுதியில் அந்நாளைய கிங் ஜார்ஜ் துறையும் இங்கே திறக்கப்பெற்றன. பின்னது இப்போது நேதாஜி சுபாஷ் துறை எனப்படுகின்றது. இரண்டும் நீர்ப்பூட்டு உடையவை. ஆற்றில் பெரு ஓத நாட்களில் சுவர் போல் எழுந்து மேல்நோக்கி விரையும் அலையை வங்காள மக்கள் 'பான்' என்பர். இவ்வலையினின்றும் கப்பல்களைக் காக்கவும் பூட்டிய துறை உதவிற்று.

ஆயினும் இத்துறைகளின் வாழ்வை அச்சுறுத்தியது அலையன்று, வண்டலே. ஹூக்ளியில் ஏறு ஓதம் குறுகிய நேரத்தில் விரைவாகப் பாய்கின்றது; இறங்கு ஓதம் நெடுநேரம் மெதுவாக வடிகின்றது. விரைந்து செல்லும் நீர் மிகுந்த வண்டலைச் சுமக்கும். மெதுவாகத் திரும்பும் நீரால் அதனை முழுதும் மீட்டுச் செல்ல இயலாது. மழைக்காலத்தில் மேலிருந்து வரும் வெள்ளம் இவ்வண்டலைக் கழுவிச் செல்லும். ஆனால் கங்கையின் பெருநீர் நெடுங்காலமாகப் பத்மா ஆற்றின் வழியே திரும்பிவிட்டதால், கோடையில் ஹூக்ளிக்கு மேல்நீர் மிகக் குறைந்தது. வண்டல் ஆற்றின் திட்டுகளில் தங்கிற்று. கப்பல்கள் செல்லும் ஆழம் சுருங்கிற்று. கோடைக் குடிநீரில் உப்பும் ஏறிற்று.

பூட்டிய துறையினுள்ளும் இதே இடர் வேறு வடிவில் தோன்றியது. ஒவ்வொரு முறையும் இழந்த நீரை ஆற்றிலிருந்தே நிரப்ப வேண்டும். அந்நீர் கலங்கல் நீர். துறையினுள் அது அசையாது நிற்பதால் வண்டல் அடியில் படிந்துவிடும். இவ்வாறு, அலையைத் தடுக்கும் கதவே வண்டல் படிவதற்குரிய அமைதியையும் உண்டாக்குகின்றது. இதனை இடைவிடாது தோண்டி அகற்றாவிடில் துறை தூர்ந்துபோகும்.

இதற்குத் தீர்வாக, கங்கையின் குறுக்கே கதவணை கட்டி, ஹூக்ளிக்கு மேல்நீரைத் திருப்பவேண்டும் என்னும் கருத்து பல ஆண்டுகள் ஆராயப்பெற்றது. ஜெர்மன் நாட்டு நீரியல் வல்லுநர் வால்ட்டர் ஹென்சன் 1957இல் அளித்த அறிக்கையும் இதனையே பரிந்துரைத்தது. ஹூக்ளியைப் பற்றிய மாதிரி ஆய்வுகள் கடக்வாஸ்லாவிலும் நடைபெற்றன. 1975இல் ஃபராக்கா கதவணை இயங்கத் தொடங்கியது. அதிலிருந்து 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியே விநாடிக்கு 40,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,133 கன மீட்டர் நீரைத் திருப்புவது நோக்கமாக இருந்தது. அதே கங்கை நீரை எதிர்நோக்கும் வங்கதேசத்தின் உரிமையும் உடனே எழுந்தது. 1996இல் இரு நாடுகளும் 30 ஆண்டுகளுக்கான பங்கீட்டு உடன்பாடு செய்துகொண்டன. உப்பு குறைந்தது எனினும், தூர்வாரும் பணி நிற்கவில்லை. பெரிய கப்பல்களுக்கென, ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹல்தியாவில் மற்றொரு பூட்டுத்துறை 1977இல் திறக்கப்பெற்றது.

மலைமேல் ஆக்கிய கழிமுகம்

கழிமுகத்தைச் சிறு வடிவில் ஆக்கி ஆராய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. கழிமுகம் மிக நீண்டது. ஆனால் ஆழம் சில மீட்டரே. நீளத்தைக் குறைத்த அதே விகிதத்தில் ஆழத்தையும் குறைத்தால், மாதிரியில் நீர் ஒரு படலம் போலாகி இயல்பாக ஓடாது. ஆதலால் ஆழத்தைச் சற்றுக் குறைவாகவே சுருக்குவர். விளக்கத்திற்காக, நீளத்தை 400இல் ஒரு பங்காகவும் ஆழத்தை 100இல் ஒரு பங்காகவும் சுருக்குவதாகக் கொள்ளலாம். புவியீர்ப்பினால் ஓடும் நீரின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே மாதிரியில் வேகம் 10இல் ஒரு பங்காகும். தூரம் 400 மடங்கு குறைய, வேகம் 10 மடங்கே குறைவதால், காலம் 40இல் ஒரு பங்காகும். 12 மணி 25 நிமிட ஓதம் அங்கே 19 நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஓராண்டின் ஓதங்களை ஒன்பது நாட்களில் கண்டுவிடலாம். விநாடிக்கு 1,133 கன மீட்டர் நீர் அம்மாதிரியில் விநாடிக்கு 3 லிட்டருக்கும் குறைவே.

மாதிரியின் கடல் முனையில் நீர் நுழைவதையும் வடிவதையும் கதவுகளால் ஒழுங்குபடுத்தி ஓதத்தை உண்டாக்குகின்றனர். மறுமுனையில் ஆற்றின் மேல்நீர் விடப்படுகின்றது. இவை அனைத்திற்கும் அருகேயுள்ள நீர்த்தேக்கத்தின் நீர் தாழ்நிலத்திற்கு இயல்பாகவே வந்து சேர்வது கடக்வாஸ்லாவின் பெருவசதி.

எனினும் மாதிரியை அப்படியே நம்பிவிடுவதில்லை. முன்னர் ஆற்றில் அளந்து குறித்த ஓத உயரங்களும் நீரோட்டங்களும் மாதிரியிலும் அவ்வாறே தோன்றும்வரை, தரையின் சொரசொரப்பைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வர். கடந்ததைச் சரியாகக் காட்டும் மாதிரியே வருவதைக் காட்டத் தகுதியுடையது. வண்டலின் நுண்துகளைப் பின்னும் சிறிதாக்க இயலாமையால், எடை குறைந்த வேறு பொருள்களைக் கொண்டு படியும் இடங்களைக் கணிப்பர். எவ்வளவு படியும் என்பதைவிட எங்கே படியும் என்பதையே இம்முறை தெளிவாகச் சொல்லும். இக்காலத்தில் கணிப்பொறியில் இயங்கும் கணித மாதிரிகளும் துணை நிற்கின்றன. இரு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: களத்தில் அளந்த அளவு.

பழைய பூட்டுக்குப் புதிய பணி

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சரக்குகள் பெரும் இரும்புப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பெறலாயின. அவற்றை ஏற்றும் கப்பல்கள் 300 மீட்டரையும் கடந்து நீண்டன. 228.6 மீட்டர் நீளமுள்ள பூட்டினுள் அவை அடங்கா. மும்பைக்கு எதிர்க்கரையில் நவாசேவாவில் 1989இல் இயங்கத் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் நீர்ப்பூட்டே இல்லை. ஆழம் தோண்டிய நீர்வழியில் கப்பல்கள் திறந்த கரையிலேயே நிற்கின்றன. உலகெங்கும் பழைய பூட்டுத்துறைகள் இவ்வாறே வணிகத்தை இழந்தன.

சில துறைகள் தூர்க்கப்பெற்றன. சில வேறு பணிக்கு வந்தன. இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் கழிமுகப் பகுதியில், தாமஸ் டெல்ஃபோர்டு வடிவமைத்து 1828இல் திறக்கப்பெற்ற செயின்ட் காத்தரின் துறை இதற்கு எடுத்துக்காட்டாகும். அதனைத் தோண்டுவதற்கு 11,000க்கும் மேற்பட்ட ஏழை மக்கள் வீடிழந்தனர். அதன் பூட்டு வாயில் அளவில் சிறியதாதலால் பெருங்கப்பல்கள் அதனை நாடவில்லை. 1968இல் வணிகத் துறையாக இருப்பதை அது நிறுத்திற்று. பின்னர் பாய்மரப் படகுகளும் உல்லாசப் படகுகளும் தங்கும் துறையாக மாற்றப்பெற்றது. பெருங்கப்பலுக்குக் குறையாயிருந்த சிறு வாயில் சிறு படகுகளுக்குப் போதுமானதாயிற்று. உச்ச ஏற்றத்தை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே பூட்டு இயங்குகின்றது. படகோட்டிகள் ஓத அட்டவணையைப் பார்த்தே பயணத்தைத் திட்டமிடுகின்றனர்.

இத்தகைய படகுத் துறையை ஆங்கில வழக்கில் மெரீனா என்பர். சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் 1880களில் கடற்கரை உலாச்சாலைக்கு இப்பெயரையே சூட்டினார். ஆகவே தமிழர்க்கு இச்சொல் மணற்பரப்பையே நினைவூட்டும். கொச்சியில் போல்காட்டித் தீவையொட்டி உல்லாசப் படகுத்துறை ஒன்று உண்டு. ஓதம் குறைவாதலால் அங்கே கதவுக்கு வேலையில்லை. ஓதம் மிகுந்த கரையிலோ, பழைய பூட்டே புதிய துறையின் உயிர்நாடியாகும். கதவின் சந்துகள் கசிந்தால் ஒரே இரவில் படகுகள் சேற்றில் சாய்ந்துவிடும். ஆதலின் வருவாய் குறைந்த பின்னும் பராமரிப்புச் செலவு குறைவதில்லை. பழைய பூட்டைக் காப்பதா, தூர்ப்பதா என முடிவு செய்வோர், வண்டல் அகற்றும் ஆண்டுச் செலவையும் கதவுகளைப் பழுதுபார்க்கும் செலவையும் முதலிலேயே கணக்கிடல் வேண்டும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

ஓத அளவியின் அருகே பணியாற்றுவோர் மூன்று செய்திகளை மறவாதிருத்தல் நலம். முதலாவது, உயரத்தைக் குறிக்கும்போது அது எம்மட்டத்திலிருந்து அளக்கப்பெற்றது என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். வாயிற்படி மட்டம், சராசரிக் கடல் மட்டம், அட்டவணை மட்டம் ஆகியவை வெவ்வேறானவை. இரண்டாவது, இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணை முன்கணிப்பே. புயற்காற்றும் ஆற்று வெள்ளமும் நீர்மட்டத்தை அதனினும் உயர்த்தக்கூடும். மூன்றாவது, நீரின் உப்புத்தன்மையையும் குறித்தல் வேண்டும். கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு கனமானது. கடலில் 9 மீட்டர் மூழ்கி வரும் கப்பல் நன்னீரில் ஏறத்தாழ 9.2 மீட்டர் மூழ்கும். வாயிற்படிக்கு மேல் இடைவெளி குறைவாயிருக்கும் நாளில் இச்சிறு வேறுபாடே கப்பலைத் தட்டச் செய்யும்.

ஆசிரியர்கள் வகுப்பில் இரு சோதனைகளைச் செய்து காட்டலாம். நீண்ட தகரத் தொட்டியொன்றில் இரு பலகைகளைக் குறுக்கே நிறுத்திக் களிமண்ணால் அடைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் தக்கை செருகிய துளை வைத்து, ஒருபுறம் உயரமாகவும் மறுபுறம் தாழ்வாகவும் நீர் ஊற்றுக. நடு அறையில் காகிதப் படகை மிதக்கவிட்டுத் தக்கைகளை முறையே நீக்கினால் பூட்டின் இயக்கம் விளங்கும். அடுத்து, இரு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுக் களிமண்ணைக் கலக்கி, ஒன்றில் மட்டும் உப்பு இடுக. உப்பிட்ட குவளை விரைவில் தெளியும். உப்பு நீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனமாகி அமிழ்கின்றன. ஆறு கடலைச் சேரும் இடத்தில் வண்டல் மிகுதியாகப் படிவதற்குரிய காரணங்களுள் இஃதும் ஒன்று என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

கதவொன்றை அமைத்துக் கடலின் ஏற்ற இறக்கத்தைத் தடுப்பது இயலும். ஆனால் அந்நீர் கொணரும் வண்டலையும், அதனை நம்பி வாழும் கீழ்க்கரை மக்களின் தேவையையும் கதவு தடுப்பதில்லை. ஆதலினாலேயே துறை கட்டுமுன்னும், கட்டிய துறையை மாற்றுமுன்னும், நீர் எங்கே செல்லும், மண் எங்கே தங்கும் என்பதை ஆராய்ந்தறிதல் இன்றியமையாததாகின்றது. கடக்வாஸ்லாவின் கொட்டகைகளில் நடைபெறும் ஆய்வு இதற்கே. அவ்வாய்வு எத்துணை நுட்பமாயினும், கழிமுகத்தின் கரையில் மழையிலும் வெயிலிலும் நின்று மணிக்கொருமுறை ஓத உயரத்தைக் குறிக்கும் பணியாளரின் குறிப்பேட்டிலிருந்தே அது தொடங்குகின்றது.